நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம்

எழும்பூரில், ரயில் போகும்போதெல்லாம்
விளக்கு ஒருமுறை இமைக்கிற
இரண்டாம் மாடி அறையில்
பழைய நூல்களைக் கணினியில் ஏற்றுகிறேன்.
நூலுக்குப் பதினொரு ரூபாய்.
கிழிந்திருந்தால் பன்னிரண்டு.

இன்று வந்தது மூன்று பாக நாவல்.
இரண்டாம் பாகம் இல்லை.
லண்டன், ஆயிரத்து எண்ணூற்று ஒன்பது.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
'ஒரு சீமாட்டி எழுதியது'.
அவ்வளவுதான்.

கணினி ஒத்துக்கொள்ளவில்லை.
'ஆசிரியர்' என்ற கட்டத்தின் தலையில்
சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
காலியாக விட்டால்
கட்டம் முழுக்கச் சிவந்துபோகிறது,
கை நீட்டிக் கேட்டும் டிக்கெட் கிடைக்காத
கண்டக்டர் முகம் மாதிரி.
'பெயரிலி' என்று அடித்தேன்.
அந்தப் பெயரில் நாலாயிரத்து முந்நூறு பேர்,
இவர் எவர் என்று தேர்ந்தெடு என்றது.

ஆறு மாதம் கப்பலில் வந்திருக்கிறாள்.
அப்போது இங்கே துறைமுகம் இல்லை.
மசூலாப் படகில், அலையில் முக்கால்வாசி நனைந்து,
கறுப்பர் நகரத்தில் ஒரு வாடகைப் புத்தகக் கடைக்கு.
முத்திரை இன்னும் தெரிகிறது:
வாரத்துக்கு இரண்டு பணம்,
தாமதித்தால் நாளுக்கு எட்டுக் காசு.

முன்னுரையில் மூன்று முறை மன்னிப்புக் கேட்கிறாள்.
எதற்கென்று சொல்லவில்லை.

வாடகைக்கு எடுத்த யாரோ ஒருத்தி
நாற்பத்தெட்டாம் பக்கத்து ஓரத்தில்
பென்சிலால் எழுதியிருக்கிறாள்: போகாதே.
நாயகி போகிறாள்.
நூற்றிரண்டில், அதே கையெழுத்தில்:
சலவைக்கு உள்பாவாடை நான்கு,
தலையணை உறை ஆறு. திரும்பி வந்தது ஐந்து.
அதற்குப் பக்கத்திலேயே
இத்தாலிய மலைமேல் இடி இடிக்கிறது.

எழுதியவள் இத்தாலி போயிருக்க மாட்டாள்.
மலை அவ்வளவு நன்றாக இருக்கிறது.
எனக்குத் தெரியும்.
நான் கொடைக்கானல் போனதில்லை,
என் நாயகி வெள்ளிதோறும் அங்கேதான் அழுகிறாள்.

ஆமாம், நானும்.
பல்லாவரத்திலிருந்து எழும்பூர் வரை
மகளிர் பெட்டியில் நின்றபடி, கட்டைவிரலால்.
அறுபத்து மூன்று அத்தியாயம் ஆகிவிட்டது.
புனைபெயர் மழைத்தோழி. சிரிக்க வேண்டாம்.
வீட்டில் யாருக்கும் தெரியாது.
கொழுந்தன் மனைவி அதன் தீவிர வாசகி,
சாம்பார் கொதிக்கும்போது எனக்கே கதை சொல்கிறாள்,
'இவ ஏன் இப்படி இழுக்கிறா' என்று சலித்துக்கொள்கிறாள்.
ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் நான்
'பிழையிருந்தால் மன்னியுங்கள் தோழிகளே' போடுகிறேன்.

மூன்றாம் பாகம் நூற்று அறுபதோடு நின்றுவிடுகிறது.
அதற்குமேல் தாள்கள் மடித்தபடியே ஒட்டியிருக்கின்றன,
அச்சகத்தில் மடித்தார்கள், யாரும் பிரிக்கவில்லை.
பென்சில்காரிக்கு என்ன ஆயிற்று?
காய்ச்சலா? இரண்டு பணம் புரளவில்லையா?
கணவனை ஆற்காட்டுக்கு மாற்றினார்களா?
இருநூறு வருடமாக இந்தப் பிரதியில்
முடிவைப் பார்த்த கண் இல்லை.

விதி ஏழு: தாள்களைப் பிரிக்கக் கூடாது.
மதியம் எலுமிச்சை சாதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு
கையை இரண்டு தடவை கழுவித் துடைத்து
அடையாள அட்டையின் விளிம்பால் பிரித்தேன்.
அட்டையில் என் படம் இருக்கிறது.
கீழே 'ஒப்பந்தம் 14'.

தாள் பிரியும் சத்தம்
முறுக்கு உடைவது போல இருந்தது.
கடைசிவரை படித்தேன்.
என்ன நடந்தது என்று சொல்ல மாட்டேன்,
பென்சில்காரிக்கு மட்டும் சொல்லலாம்:
போனது தப்பில்லை, தாயே.

கட்டத்தில் 'ஒருத்தி' என்று அடித்தேன்.
சற்று யோசித்தது.
புதிய ஆசிரியரா? ஆம், இல்லை.
ஆம்.
நூலின் நிலை: கிழிசல் உண்டு.
பன்னிரண்டு ரூபாய்.

இரண்டாம் பாகம் எங்கே போயிற்றென்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
எப்படிப் போனாள், எதைத் தாண்டினாள்,
முதலில் பயந்தவள்
கடைசியில் ஏன் அப்படிச் சிரித்தாள்,
எல்லாம் அதில்தான் இருந்திருக்கும்.

மாம்பலத்தில் உட்கார இடம் கிடைத்தது.
சைதாப்பேட்டைப் பாலம் தாண்டும்போது
எழுத ஆரம்பித்தேன்.